பிராசசரில் பழைய தெர்மல் பேஸ்ட்: அறிகுறியைப் பார்த்து நீக்கும் வழி

பிராசசரின் சூட்டை அதைக் குளிர்விக்கும் கூலருக்குக் கடத்தப் பூசுவது தெர்மல் பேஸ்ட். மேல்மூடியில் அது எவ்வளவு அப்பிக் கிடந்தாலும் அதனால் பிராசசர் கெடாது. அதைத் துடைக்கிற அவசரத்தில்தான் ஊசிபோன்ற உலோகப் பின் வளைகிறது, பிராசசர் உட்காரும் சாக்கெட் பாழாகிறது, ஓரத்தில் இருக்கும் கடுகளவு கெபாசிட்டர் பெயர்ந்து வருகிறது. அதனால் கையில் துணியை எடுக்கும் முன் என்ன தெரிகிறது என்று பாருங்கள். கீழே உள்ள தலைப்புகளில் உங்கள் நிலைமைக்குப் பொருந்துவதற்கு நேராகப் போய்விடலாம். ஆனால் "தொடங்கும் முன்" பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

## தொடங்கும் முன்

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, பின்பக்க ஸ்விட்ச்சை அணைத்து, பவர் கார்டை உருவிவிட்டு, பவர் பட்டனை 10 வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். லேப்டாப் என்றால் பேட்டரி கனெக்டரைக் கழற்றிய பிறகுதான் அடுத்த வேலை. பிராசசரைத் தொடும் ஒவ்வொரு முறையும் முதலில் கேபினெட்டில் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள்.

பேஸ்ட்டைக் கரைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். 99 சதவீதம் கிடைத்தால் நல்லது, 90 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் சரி. 70 சதவீத பாட்டிலில் மீதி 30 தண்ணீர். மேல்மூடியைத் துடைக்க அதைப் பயன்படுத்தலாம், காய மட்டும் கூடுதல் நேரம் விடவேண்டும். சாக்கெட், பின், மதர்போர்டு பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் அடுப்போ விளக்கோ சிகரெட்டோ இருக்கக் கூடாது.

துடைக்க மைக்ரோஃபைபர் துணியோ காபி ஃபில்டர் காகிதமோ எடுத்துக்கொள்ளுங்கள். சாதா டிஷ்யூ நனைந்ததும் நார் நாராகப் பிரியும், அந்த நார் புதுப் பேஸ்ட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். இவற்றோடு காட்டன் பட்ஸ், இதுவரை பயன்படுத்தாத மென்மையான டூத்பிரஷ், காலாவதியான பிளாஸ்டிக் கார்டு ஒன்று, ஒரு டிராப்பர்.

வேண்டாதவை: அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல், கை சானிடைசர், துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே. அசிட்டோன் சாக்கெட்டின் பிளாஸ்டிக்கையும் போர்டின் பூச்சையும் தின்றுவிடும். சானிடைசரில் கிளிசரின், வாசனை எல்லாம் கலந்திருக்கும். துரு ஸ்பிரே எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும்.

அடுத்து, உங்கள் பிராசசர் எந்த ரகம் என்று தெரிய வேண்டும். மூன்று ரகம்தான்.

பின் பிராசசரிலேயே இருப்பது. ஏஎம்டியின் ஏஎம்4 வரிசை. அடியில் 1331 மெல்லிய பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.

பின் சாக்கெட்டில் இருப்பது. இந்த ரகத்துக்கு எல்ஜிஏ என்று பெயர். இன்டெல்லின் எல்ஜிஏ 1151, 1200, 1700, ஏஎம்டியின் ஏஎம்5. பிராசசரின் அடியில் தட்டையான தங்கப் புள்ளிகள் மட்டும் தெரியும்.

மூடியே இல்லாதது. பெரும்பாலான லேப்டாப்கள். கூலரை எடுத்ததும் கண்ணாடிபோலப் பளபளக்கும் சிலிக்கான் நேராகத் தெரியும்.

மேல்பக்கத்தைத் துடைக்கும்வரை பிராசசரைச் சாக்கெட்டிலேயே விட்டுவையுங்கள், பிராசசரைப் பூட்டும் லீவரும் பூட்டியே இருக்கட்டும். பிராசசர்தான் சாக்கெட்டுக்கு மூடி. கழற்றி மேஜையில் வைத்துத் துடைப்பது வசதியாகத் தோன்றும். அந்த நேரத்தில் திறந்து கிடக்கும் சாக்கெட்டுக்குள் என்ன விழும் என்பது நம் கையில் இல்லை.

## கூலர் அசையவே இல்லை

திருகு, கிளிப் எல்லாம் கழற்றியாகிவிட்டது, கூலர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலில் எளிய காரணத்தைப் பாருங்கள். ஏதாவது ஒரு திருகு இன்னும் பிடித்திருக்கலாம். கிளிப் வகைக் கூலரில் எதிர்ப்பக்கக் கொக்கி கழன்றிருக்காது. நான்கு மூலையில் அழுத்தும் பிளாஸ்டிக் பின் உள்ள இன்டெல் கூலரில், ஒவ்வொரு தலையையும் அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி மேலே இழுத்தாக வேண்டும். ஒன்று மிச்சமிருந்தாலும் கூலர் வராது.

எல்லாம் கழன்றிருந்தால் காரணம் பேஸ்ட் இறுகியதுதான். திருகுகளை மறுபடி மாட்டி, ஃபேன் வயரையும் சொருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்து 10 முதல் 15 நிமிடம் கனமான வேலை கொடுங்கள். சூடேறிய பேஸ்ட் இளகும். அணைத்து, கார்டை உருவி, ஆறிப்போவதற்குள் கூலரைக் கழற்றுங்கள். நேராக மேலே இழுக்காதீர்கள். இடமும் வலமுமாகச் சில டிகிரி மட்டும் திருகிக் கொடுங்கள். பேஸ்ட் மேல்நோக்கிய இழுப்பை விடாப்பிடியாகத் தாங்கும், பக்கவாட்டில் வழுக்கினால் விட்டுவிடும். இரண்டு மூன்று முறை திருகியதும் கைக்கு ஒரு வழுக்கல் தெரியும். அதற்குப் பிறகு தூக்கினால் போதும்.

### சூடேற்றியும் வரவில்லை

மெழுகு பூசாத பல் நூலை ஆல்கஹாலில் நனைத்து, கூலருக்கும் மூடிக்கும் நடுவே நுழைத்து அறுப்பதுபோல இழுங்கள். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்புவது வேண்டவே வேண்டாம். அது நழுவினால் குத்துவது மதர்போர்டின் மெல்லிய செம்புப் பாதைகளை.

நூலும் நுழையவில்லை, ஓரத்தில் கெட்டியான பசைபோல ஏதோ தெரிகிறது என்றால் அது பேஸ்ட்டாக இருக்காது, வெப்பம் கடத்தும் ஒட்டுப்பசையாக இருக்கலாம். ஆல்கஹால் அதைக் கரைக்காது. அங்கேயே நிறுத்திவிட்டு டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

## கூலரோடு பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது

ஏஎம்4 ரகத்தில் இது அடிக்கடி நடக்கும். அந்தச் சாக்கெட்டில் பிராசசரைப் பிடித்திருப்பது பின்களைக் கவ்வும் பிடிப்பு மட்டுமே, மேலே சட்டம் கிடையாது. இன்டெல்லிலும் ஏஎம்5-லும் உலோகச் சட்டம் அழுத்திப் பிடிப்பதால் இப்படி வராது.

பதறாதீர்கள். கூலரைத் தலைகீழாக, அதாவது பின்கள் மேலே பார்க்கும்படி வையுங்கள். பின்கள் எதன்மீதும் படக்கூடாது. பிளாஸ்டிக் கார்டின் முனையையோ நனைத்த பல் நூலையோ மூடிக்கும் கூலருக்கும் நடுவே மெல்ல நுழையுங்கள். இறுகியிருந்தால் ஹேர் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஓரிரு நிமிடம் சூடு காட்டலாம். பிராசசரைப் பச்சை அடித்தட்டின் இரண்டு எதிர் ஓரங்களில் மட்டும் பிடித்துத் திருகுங்கள், விரல் பின்களைத் தொடாமல்.

கையில் வந்ததும் பின்களைப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பிராசசரைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, எதிரே வெளிச்சம் இருக்க, ஒரு வரிசையின் நெடுகப் பாருங்கள். நேராக நிற்கும் பின்களுக்கு இடையே ஒளி நேர்கோடாகத் தெரியும். ஒரு பின் சாய்ந்திருந்தால் அந்தக் கோடு அங்கே உடையும். பிறகு 90 டிகிரி திருப்பி மற்ற பக்கத்திலிருந்தும் பாருங்கள். ஒரு திசையில் மறைந்த வளைவு மறுதிசையில் தெரிந்துவிடும்.

### ஒன்றிரண்டு பின் சாய்ந்திருக்கிறது

ஈயக்குச்சி எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் உலோக முனையை, 0.5 அல்லது 0.7 மி.மீ., பின்மீது மாட்டி இம்மி இம்மியாக நிமிர்த்துங்கள். ஒரே தள்ளலில் நேராக்க முயன்றால் பின் அடியோடு ஒடியும். வளைந்த பின்னை ஒருமுறை நிமிர்த்தலாம், அதையே மறுபடி மறுபடி அசைத்தால் உலோகம் களைத்துப்போகும்.

மாட்டும்போது சாக்கெட்டின் லீவரை மேலே தூக்கி, முக்கோணக் குறிகளைப் பொருத்தி, பிராசசரைச் சும்மா வைத்தாலே அது தானாக உட்கார வேண்டும். அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் ஏதோ ஒரு பின் இன்னும் சரியில்லை. எடுத்து மறுபடி பாருங்கள்.

### பின் ஒடிந்துவிட்டது, அல்லது பல வரிசை படுத்துவிட்டது

வீட்டில் செய்யும் வேலை இல்லை. ஒடிந்த பின் கிடைத்தால் பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டு, மைக்ரோஸ்கோப் வைத்து சால்டரிங் செய்பவரிடம் கொண்டுபோங்கள்.

## பேஸ்ட் கல்லாகக் காய்ந்திருக்கிறது

உலர்ந்த துணியால் தேய்ப்பதில் பயனில்லை. ஆல்கஹாலுக்கு நேரம் கொடுங்கள், வேலையை அது செய்யும்.

காபி ஃபில்டர் காகிதத்தை மூடியைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டி மேலே வையுங்கள். அதன்மீது டிராப்பரால் 5 அல்லது 6 சொட்டு ஆல்கஹால் விடுங்கள். காகிதம் நனைய வேண்டும், ஓரத்தில் வழியக் கூடாது. 2 நிமிடம் விடுங்கள். ஆல்கஹால் வேகமாக ஆவியாகும் என்பதால் இடையில் இன்னும் ஓரிரு சொட்டு தேவைப்படலாம். காகிதத்தை எடுக்கும்போதே அடியில் சாம்பல் சேறு ஒட்டி வரும். மிச்சத்தைப் பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தால், கார்டைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகத் தள்ளிக் குவித்து எடுத்துவிடுங்கள். வெளிப்பக்கமாகத் தள்ளினால் அது போய் விழும் இடம் சாக்கெட்டின் ஓரம். போகவில்லையா, இன்னொரு முறை ஊறவையுங்கள். மூன்று முறை ஊறவைக்கும் நேரத்தில் போகாத பேஸ்ட் அரிது.

பிளேடு, கத்தி, உப்புக் காகிதம், பாத்திரம் தேய்க்கும் கம்பி வேண்டாம். மூடி செம்பு, மேலே நிக்கல் முலாம். முலாமில் மெல்லிய கீறல் விழுந்து செம்பு நிறம் எட்டிப் பார்த்தாலும் பிராசசர் வேலை செய்யும். ஆனால் பிளேடு வழுக்கி அடித்தட்டில் இறங்கினால் அதற்கு மருந்தில்லை.

### மூடியில்லாத லேப்டாப் சிப்பில் காய்ந்திருக்கிறது

கார்டுகூட வேண்டாம். சிலிக்கானின் மூலைகள் கண்ணாடிபோலச் சில்லுச் சில்லாகப் பெயரும், பெயர்ந்தால் சிப் போய்விட்டது. ஊறவைத்து, பட்ஸால் மேலிருந்து மென்மையாக எடுப்பது ஒன்றே வழி. ஒவ்வொரு தேய்ப்புக்கும் புதிய பட்ஸ். சிப்பைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர் வரிசையில் பட்ஸின் பஞ்சு மாட்டினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். பஞ்சை நனைத்துத் தளர்த்தி எடுங்கள்.

பக்கத்தில் இருக்கும் மெத்தென்ற தெர்மல் பேடுகளில் ஆல்கஹால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிழிந்தால் அதே தடிமனில் புதிது போடவேண்டும். 1 மி.மீ. இருந்த இடத்தில் 1.5 மி.மீ. வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாமலே நிற்கும். திரும்ப மாட்டும்போது ஹீட்சிங்க்கில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

## துடைக்கத் துடைக்கப் பரவுகிறது, சாம்பல் படலம் போகவில்லை

பெரும்பாலும் ஒரே துணியை வைத்துத் தேய்ப்பதுதான் காரணம். துணி குடித்த பேஸ்ட்டையே திரும்பத் தடவிக்கொண்டிருக்கிறோம்.

மூன்று கட்டமாகச் செய்யுங்கள். முதலில் உலர்ந்த காகிதத்தால் கெட்டியாக உள்ளதை வழித்தெடுங்கள், ஆல்கஹால் இல்லாமல். ஆல்கஹாலை முதலிலேயே ஊற்றினால் மொத்தப் பேஸ்ட்டும் கூழாகி ஓரங்களுக்கு ஓடும். அடுத்து, ஈரமான துணியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதிய மடிப்பு. கடைசியாகப் புதுத் துணியில் 2 சொட்டு விட்டு ஒரே திசையில் துடைத்து முடியுங்கள். வெள்ளைத் துணியில் சாம்பல் ஏறவில்லை என்றால் வேலை முடிந்தது. கூலரின் அடிப்பகுதிக்கும் இதே மூன்று கட்டம். அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அதன் பிறகும் மங்கலாக ஒரு வடிவம் தெரிகிறதென்றால், அது பேஸ்ட் அல்ல, பல ஆண்டு சூட்டில் நிக்கல் நிறம் மாறிய தடம். துணியில் எதுவும் வராதவரை அதை விட்டுவிடுங்கள். மூடியில் பொறித்த எழுத்துக்குள் சிக்கிய துளிப் பேஸ்ட்டும் அப்படித்தான், வெப்பக் கடத்தலில் அதனால் ஒரு வித்தியாசமும் வராது. கண்ணாடிபோல மின்ன வைக்கும் ஆசையில்தான் முலாம் தேய்கிறது.

விரலை வைத்தால் பிசுக்குத் தெரிந்தால் அது பேஸ்ட்டின் சிலிக்கோன் எண்ணெய், அல்லது நீங்கள் சிட்ரஸ் எண்ணெய் அடிப்படையிலான கிளீனர் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அந்த வகைக் கிளீனர் பேஸ்ட்டை நன்றாகவே கரைக்கும், ஆனால் எண்ணெய் தங்கும். மேலே ஒருமுறை ஆல்கஹால் துடைப்பு கட்டாயம். விரல் வைத்துப் பார்த்த இடத்தையும் சேர்த்துத் துடையுங்கள்.

## ஓரத்துக் கெபாசிட்டர்களுக்கு நடுவே புகுந்திருக்கிறது

வெள்ளையாகவோ சாதாரண சாம்பலாகவோ இருக்கும் பெரும்பாலான பேஸ்ட்கள் துத்தநாக ஆக்சைடு, அலுமினிய ஆக்சைடு தூள் கலந்தவை. மின்சாரம் கடத்தாது. ஏஎம்5 பிராசசரின் மூடியில் ஓரங்கள் வெட்டப்பட்டு, அந்தப் பள்ளங்களில் கெபாசிட்டர்கள் திறந்து கிடக்கும். அங்கே இந்த வகைப் பேஸ்ட் தேங்குவது அசிங்கமே தவிர ஆபத்தில்லை. கடைசித் துணுக்குவரை தோண்டியெடுக்க முயல்வதுதான் ஆபத்து.

வெள்ளித்தூள் கலந்த பேஸ்ட் அப்படியல்ல. ஆர்க்டிக் சில்வர் 5 மின்சாரம் கடத்தாது, ஆனால் லேசான மின்தேக்குத் தன்மை உண்டு, பின்களிலும் பாதைகளிலும் படக்கூடாது என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார்கள். முன்பு யார் எதைப் பூசினார்கள் என்று தெரியாவிட்டால் நீக்கிவிடுவதே நல்லது.

டூத்பிரஷ் நுனியில் 2 சொட்டு ஆல்கஹால். உதறிவிட்டு, அழுத்தாமல், நுனி மயிர் மட்டும் படும்படி வருடுங்கள். கரைந்து கூழானதும் காகித முனையால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். இதையே நான்கைந்து முறை. ஊசி, குண்டூசி, ட்வீசர் எதுவும் வேண்டாம். கெபாசிட்டர் ஒன்று பெயர்ந்துவிட்டால் அத்தோடு நிறுத்தி, அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு டெக்னீஷியனிடம் போங்கள். ஆன் செய்து பார்க்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள்.

## பிராசசரின் அடிப்பக்கத்தில் படிந்திருக்கிறது

### தட்டையான தங்கப் புள்ளிகளில்

இதுதான் எளிது. பிராசசரை இரண்டு ஓரங்களில் பிடித்து, மைக்ரோஃபைபர் துணியில் 2 சொட்டு விட்டு, ஒரே திசையில் வருடுங்கள். நடுவில் நிற்கும் கெபாசிட்டர் கூட்டத்தில் துணி மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் பட்ட எண்ணெய்க் கறையும் இதே துடைப்பில் போகும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி மின்னினால் 5 நிமிடம் காயவிட்டு மாட்டுங்கள்.

### பின்களுக்கு நடுவே

டூத்பிரஷை ஆல்கஹாலில் நனைத்து, பின் வரிசையின் போக்கிலேயே இழுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. ஒரு திசை முடிந்ததும் பிராசசரை 90 டிகிரி திருப்பி மறுதிசை. அடியில் தங்கிய பேஸ்ட்டை நனைத்த பல் நூலை வரிசைகளுக்கு நடுவே நுழைத்து இழுத்து எடுக்கலாம். பட்ஸ் மட்டும் கூடாது, பஞ்சு பின்னில் சுற்றிக்கொண்டால் பின்னையும் இழுத்துக்கொண்டுதான் வரும். பிராசசரை அப்படியே ஆல்கஹால் கிண்ணத்தில் முழுக ஊறப்போடவும் வேண்டாம். மூடிக்கும் அடித்தட்டுக்கும் இடையில் சிறு திறப்பு இருக்கும், கரைந்த பேஸ்ட் அதற்குள் போய்விட்டால் வெளியே எடுக்க வழியில்லை.

முடிந்ததும் பின்கள் மேலே பார்க்க வைத்து 15 நிமிடம் உலரவிடுங்கள். ஒளி பார்க்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

## சாக்கெட்டுக்குள் பேஸ்ட் விழுந்துவிட்டது

கையை எடுங்கள். முதல் வேலை போனில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது. விழுந்தது எங்கே என்று தெரியாமல் துடைத்தால் ஒரு இடத்தில் இருந்தது பத்து இடத்துக்குப் போகும்.

### பிளாஸ்டிக் சட்டத்தின் ஓரத்தில் மட்டும்

மரப் பல்குச்சியின் நுனியால் வெளிப்பக்கமாக நகர்த்தி எடுங்கள். அந்தத் துளியை எடுத்ததோடு விட்டுவிடுங்கள்.

### எல்ஜிஏ சாக்கெட்டின் பின்களில்

எல்ஜிஏ 1700-ல் 1700, ஏஎம்5-ல் 1718 ஸ்பிரிங் பின்கள், எல்லாம் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். வயலில் காற்றில் சாய்ந்த நாற்றுபோல ஒழுங்காகத் தெரிய வேண்டும். அந்த ஒழுங்கு எங்கே கலைகிறதோ அங்கே பின் வளைந்திருக்கிறது.

பட்ஸ், துணி, டிஷ்யூ எதுவும் இதற்குள் போகக் கூடாது. ஒரு நூலிழை மாட்டினாலே ஐந்தாறு பின் எழும்பிவிடும். மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து கழற்றி, செங்குத்தாக நிறுத்திப் பிடியுங்கள். ஆல்கஹால் உள்ளே தேங்காமல் வெளியே வடிய வேண்டும். 99 சதவீத ஆல்கஹாலை டிராப்பரால் அந்த இடத்தில் மட்டும் விட்டு, ஓவியம் வரையும் மென்மையான சிறு பிரஷால், பின் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே வருடுங்கள். எதிர்ப்பக்கமாக ஒருமுறை இழுத்தாலும் பின் முனை தூக்கிக்கொள்ளும். ரப்பர் பந்து ஊதியால் ஊதுங்கள். காற்று அடைத்த கேன் என்றால் நிமிர்த்திப் பிடித்து, 15 முதல் 20 செ.மீ. தள்ளி, சிறு சிறு வீச்சாக. கேனைச் சாய்த்தால் உறைய வைக்கும் திரவம் பீய்ச்சும்.

அரைமணி நேரம் காயவிட்டு மறுபடி படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு முறை முயன்றும் போகவில்லை, அல்லது ஒரு பின்னாவது ஒழுங்கு கலைந்திருக்கிறது என்றால் டெக்னீஷியனிடம் கொடுங்கள். மூன்றாவது முயற்சிதான் பெரும்பாலும் போர்டைக் கொல்கிறது.

### ஏஎம்4 சாக்கெட்டின் துளைகளில்

துளைக்குள் ஊசி விட்டுத் தோண்டாதீர்கள், உள்ளே இருக்கும் கவ்வி விரிந்துபோகும். லீவரைத் திறந்து, போர்டைக் கவிழ்த்துப் பிடித்து, எலக்ட்ரானிக்ஸ் காண்டாக்ட் கிளீனரை அந்த இடத்தில் மட்டும் தெளித்து வடியவிடுங்கள். பல துளைகள் அடைத்திருந்தால் இதுவும் சர்வீஸ் வேலைதான்.

## பாதரசம்போலப் பளபளக்கும் திரவம் தெரிகிறது

இது பேஸ்ட் இல்லை, லிக்விட் மெட்டல். காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த உலோகம். அறை வெப்பத்திலேயே நீராக ஓடும், மின்சாரத்தை முழுதாகக் கடத்தும். சில லேப்டாப்களிலும் பிளேஸ்டேஷன் 5-லும் கம்பெனியே இதைப் பூசி அனுப்புகிறது.

மேலே சொன்ன எந்த முறையையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பிரஷ் பட்டால் கண்ணுக்குத் தெரியாத மணிகளாகச் சிதறி, எங்கே விழுந்தாலும் அங்கே ஷார்ட். ஊசி இல்லாத சிரிஞ்சால் தெரிவதை உறிஞ்சுங்கள். மிச்சத்தை உலர்ந்த பட்ஸால் நடுப்பக்கமாக ஒற்றி எடுங்கள். கடைசியில் மட்டும் ஆல்கஹால் நனைத்த பட்ஸ். பயன்படுத்திய பட்ஸ் எல்லாம் மூடியுள்ள டப்பாவுக்குள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

செம்பில் சாம்பல் கறை தங்கும். காலியம் செம்போடு கலந்த அடையாளம் அது, கவலை வேண்டாம். அலுமினியம் வேறு கதை. காலியம் பட்ட அலுமினியம் உள்ளுக்குள் நொறுங்கும், அந்த ஹீட்சிங்க்கை மாற்றியே ஆகவேண்டும்.

ஒரு மணியாவது போர்டிலோ சாக்கெட்டிலோ விழுந்ததாகச் சந்தேகம் வந்தாலே ஆன் செய்யாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

## சுத்தம் செய்த பிறகு ஆன் ஆகவில்லை, அல்லது டிஸ்ப்ளே இல்லை

வரிசையாகப் பாருங்கள். முதல் இரண்டிலேயே பாதி முடிந்துவிடும்.

பவர் சப்ளையின் பின்பக்க ஸ்விட்ச், 24 பின் கனெக்டர், பிராசசருக்கு அருகில் இருக்கும் 4 அல்லது 8 பின் கனெக்டர். கூலரைக் கழற்றும்போது கை தட்டிக் கழல்வது இந்தக் கடைசி ஒன்றுதான். அது இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. ஃபேன் வயர் சிபியு ஃபேன் என்று எழுதிய பின்னில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு பின்னில் மாட்டியிருந்தால் ஃபேன் பிழை என்று காட்டி நின்றுவிடும்.

ரேமைக் கழற்றி மாட்டுங்கள். ஒரே ஒரு குச்சியோடு முயன்று பாருங்கள்.

ஈரம் மிச்சமிருக்கலாம். சந்தேகம் இருந்தால் கார்டை உருவி 30 நிமிடம் ஃபேன் காற்றில் விடுங்கள்.

பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்பை அழித்துப் பாருங்கள். கார்டை உருவிவிட்டு, வட்டமான சிஆர்2032 பேட்டரியை 5 நிமிடம் கழற்றி மாட்டினால் போதும். ஏஎம்5 போர்டில் இதைச் செய்த பிறகு முதல்முறை ஆன் ஆக, டிடிஆர்5 ரேமைப் பழக்கிக்கொள்ள, திரை கறுப்பாகவே சில நிமிடம் நிற்கும். போய்விட்டது என்று நினைத்து நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

### மதர்போர்டில் சிபியு (பிராசசர்) விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது

பிராசசரைக் கழற்றி அடிப்பக்கம், பின், சாக்கெட் மூன்றையும் மேலே சொன்னபடி பாருங்கள்.

### ஆன் ஆகிறது, ஆனால் ரேமில் பாதிதான் காட்டுகிறது

ரேம் கெட்டதாக முடிவு கட்டாதீர்கள். ஒரு ரேம் சேனலுக்கான தொடுபுள்ளியில் பேஸ்ட் படிந்திருக்கலாம், பின் வளைந்திருக்கலாம். எல்ஜிஏ ரகத்தில் கூலரை ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இறுக்கினாலும் இப்படி ஆகும். அதனால் முதலில் கூலர் திருகுகளைத் தளர்த்தி, மூலைக்கு மூலை குறுக்காக, ஒவ்வொன்றும் இரண்டு சுற்றாக, சமமாக இறுக்கிப் பாருங்கள். பிராசசரைத் தொடவே வேண்டிவராது.

### கருகிய வாடை

உடனே கார்டை உருவுங்கள். திரும்ப ஆன் செய்ய வேண்டாம், சர்வீஸுக்குத்தான்.

## சுத்தம் செய்த பிறகு முன்பைவிடச் சூடாகிறது

எவ்வளவு சூடு என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். கனமான வேலை கொடுத்த இரண்டு மூன்று வினாடியில் 90 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் கூலர் சரியாகத் தொடவில்லை. பத்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால் பேஸ்ட்டில் குறையில்லை, ஃபேனையும் காற்றோட்டத்தையும் தூசியையும் பாருங்கள். ரைசன் 7000 வரிசை முழு வேலையில் 95 டிகிரியைத் தொடுவது அதன் வடிவமைப்பே. அதை மட்டும் வைத்துப் பிழை என்று சொல்ல முடியாது.

தொடவில்லை என்றால், கூலரின் அடியில் ஒட்டிவரும் பாதுகாப்பு பிளாஸ்டிக் உரிக்கப்பட்டதா என்று பாருங்கள். அனுபவசாலிகளும் தவறவிடும் இடம் இது. அடுத்து திருகுகள். வாட்டர் கூலர் என்றால் பம்ப் வயர்.

அதற்கும் மேல் என்றால் கூலரைக் கழற்றி, இரண்டு பக்கமும் பதிந்த அச்சைப் படியுங்கள். மெல்லிய படலமாக மூடி முழுக்கப் பரவியிருந்தால் நல்ல தொடுகை. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் உலோகம் தெரிந்தால் இறுக்கியது கோணல். போட்ட புள்ளி அழுந்தாமல் அப்படியே இருந்தால் கூலர் இறங்கவேயில்லை, தாங்கு சட்டமோ அடித்திருகோ அந்தச் சாக்கெட்டுக்கு உரியதல்ல. படலத்துக்குள் நார் தெரிந்தால் டிஷ்யூவின் வேலை.

ஒருமுறை பிரித்தால் அந்தப் பேஸ்ட்டை வைத்தே மூடக் கூடாது, உள்ளே காற்றுக் குமிழி சிக்கும். முழுதாகத் துடைத்து, நடுவில் சுமார் 5 மி.மீ. அகலத்தில் ஒரு புள்ளி. எல்ஜிஏ 1700 போன்ற நீள்சதுர மூடிக்கு நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு. பரப்பும் வேலையைக் கூலரின் அழுத்தத்துக்கே விட்டுவிடுங்கள்.

பேஸ்ட் அச்சு சரி, ஃபேன் சரி, பம்ப் ஓடுகிறது, ஆனாலும் வினாடிகளில் 100-ஐத் தொடுகிறது என்றால், சந்தேகம் மூடிக்கு அடியில் இருக்கும் உள்பூச்சின் மீதோ, வாட்டர் கூலர் உள்ளே அடைத்ததன் மீதோ போக வேண்டும். வேறு ஒரு கூலரை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதிலும் அதே சூடு என்றால் மூடியைப் பிளக்கும் வேலை, அதற்கான கருவி வைத்திருப்பவரிடம் மட்டும்.